கறுப்பு ஊசியின் கதகதப்பு

பிப்ரவரி 9

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

என்னுடைய இசைத்தட்டை, என்னைக் கேட்காமல், உங்கள் மிஷினில் உங்கள் ஊசியை வைத்துப் போட்டிருக்கிறீர்கள். இதுதான் நடந்த அநியாயம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

எனக்கு எப்படித் தெரியும் என்று நினைப்பீர்கள். நேற்று மாலை வழக்கம்போல அந்தத் தட்டைப் போட்டேன். இரண்டாவது பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு ‘டிக்’ வரும். அது தடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தூசி. என் வீட்டுத் தூசி. அந்த டிக் கேட்டால், அடுத்த மூச்சில் என் வீட்டுக்காரியின் குரல் மற்ற எல்லாக் குரலையும் விட்டுத் தனியாக மேலே ஏறப்போகிறது என்று அர்த்தம். நான் நிமிர்ந்து உட்காருவேன். நேற்று டிக் வரவில்லை. குரல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது. தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி பளபளக்கிறது. உறைக்குள் புதுக் காகிதம் வேறு. இந்த ஊரில் தட்டைக் கழுவும் மிஷின் வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

அது என்ன தட்டு என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஊழியர்களின் பாடகர் குழு பதிவுசெய்தது. குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். வேறு யாரிடமும் இப்போது இல்லை, விசாரித்துவிட்டேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரிக்குக் குரல் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதுகிறாள். அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தத் தட்டில் மட்டும்தான். அதன்மேல் நீங்கள் கத்திமுனை மாதிரி ஒன்றை ஓட்டியிருக்கிறீர்கள்.

போன மாதம் உங்கள் வீட்டில் ஊசி பொருத்தும் கூடான கார்ட்ரிட்ஜ் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டோமே, அன்றைக்கே என் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். உங்கள் கல்கூடு: சுத்தம், ஆனால் ஆஸ்பத்திரி சுத்தம். உங்கள் மரக்கூடு, அதுதான் நீங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது: பல்லைக் குடைகிற சத்தம். உங்கள் பல் டாக்டர் தொழிலுக்குப் பொருத்தமாக இருக்கலாம். காதுக்குப் பொருந்தாது. என் கறுப்பு பழையதுதான், பிளாஸ்டிக்தான். ஆனால் அதில் ஒரு கதகதப்பு இருக்கிறது. அந்தக் கதகதப்பு உங்கள் இரண்டிலும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகக் கழற்றினேன், நானாக மாட்டினேன், நானாகக் கேட்டேன்.

தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உங்களிடம் கொடுத்தது உங்கள் மகன்தான் என்று நினைக்கிறேன். என் மாப்பிள்ளை என்பதால் நேரில் கேட்க முடியவில்லை. நீங்கள் கேளுங்கள். போன் செய்ய வேண்டாம். போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுத்தில் பதில் வேண்டும்.

சம்பந்தி

*

பிப்ரவரி 13

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளைதான் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரனா? மாமாவ ஸ்டாம்பாவது ஒட்டச் சொல்லு" என்றான். அவனுக்கும் இந்தத் தட்டுக்கும் சம்பந்தம் இல்லை. தட்டைக் கொண்டுவந்தது யார் என்பதை நான் சொல்வதாக இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போட்டது உண்மை. கழுவியதும் உண்மை. உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் கத்திமுனை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிட முடியாது. வாழ்நாள் முழுவதும் வாய்க்குள் வைரமுனையை வைத்து வேலை பார்த்தவள் நான். எது வெட்டும், எது வெட்டாது என்று தெரியும்.

உங்கள் தட்டை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துப் பார்த்தேன். ஒரு தலைமுடியை விடக் குறுகலான பள்ளம். அதற்கு இரண்டு சுவர். அந்தச் சுவர்களில்தான் எல்லாக் குரலும் மடிப்பு மடிப்பாக நிற்கிறது. உங்கள் கறுப்பின் முனை உருண்டை. உருண்டையான முனை பள்ளத்தின் அடிவரை போகாது. மேலேயே சிக்கி நிற்கும். நீங்கள் அதைத் தினமும் போட்டிருக்கிறீர்கள். அந்த முனை எப்போதும் அதே உயரத்திலேயே நடந்து நடந்து, அந்த இடம் மாட்டுத் தடம் மாதிரி தேய்ந்து கிடக்கிறது. நானும் தட்டு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் கொஞ்சம் கீழே பார்த்தேன். சம்பந்தி, அதற்குக் கீழே யாருமே நடக்கவில்லை. அச்சடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. மடிப்புகளின் ஓரம்கூட மழுங்கவில்லை. என் மரக்கூட்டின் முனை தட்டையாகச் சீவியது, அது அங்கே போகும். நான் கண்ணை எடுத்துவிட்டு, மறுபடி வைத்துப் பார்த்தேன். பாழாகிவிட்டது என்று பூட்டி வைத்த வீட்டின் அடியில் விளக்கு எரியும் அறை ஒன்று இருப்பது மாதிரி இருந்தது. அதன்பிறகுதான் ஊசியை இறக்கினேன். கேட்டதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முப்பது பேர் ஒரு கூடத்தில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். யார் குண்டு, யார் ஒல்லி என்றுகூடச் சொல்லிவிடலாம் போல இருந்தது.

இன்னொன்று. பல்லைக் குடைகிற சத்தம் என்று என் விருந்தாளிகள் முன்னால் சொன்னீர்கள். அன்று நீங்கள் கீழேயே நின்று எங்கள் கட்டட லிஃப்டின் முனகலைப் பற்றி வாட்ச்மேனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மரக்கூட்டில் என் தட்டு ஒன்றை ஒருமுறை போட்டுவிட்டேன். உங்கள் வீட்டு அக்கா மட்டும் இருந்து கேட்டார்கள். நீங்கள் மேலே வந்ததும் உங்கள் கறுப்பை மாட்டினீர்கள். அது உயரமான கார்ட்ரிட்ஜ். அதற்காக, ஊசியைப் பிடித்திருக்கும் மிஷின் கையைப் பின்பக்கம் ஏற்றினீர்கள். பிறகு என் மரக்கூட்டை மாட்டும்போது ஏற்றியதை இறக்கவில்லை. வால் தூக்கிக்கொண்டு நின்றால் எந்த ஊசியும் கீச்சிடும். நீங்கள் தீர்ப்புச் சொன்னது என் கார்ட்ரிட்ஜுக்கு அல்ல, உங்கள் மறதிக்கு. விருந்தாளிகள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

சம்பந்தி

*

பிப்ரவரி 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

லிஃப்டில் ஒரு நட்டைக் கழற்றினால் முடுக்காமல் கீழே இறங்கியதில்லை நான். சர்வீஸ் முழுவதும் அப்படித்தான். கையை ஏற்றிவிட்டு இறக்காமல் விட்டேன் என்று நீங்கள் எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கே அதைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்வது செல்லாது.

யார் தட்டைக் கொண்டுவந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உங்கள் கடிதத்தை நான் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "இந்த பல் டாக்டரம்மா யாருக்கோ வாக்கு குடுத்திருக்காங்களாம். யாருக்குன்னு நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சிலேட்டை எடுத்தாள். ‘நான்தான். பஸ்ஸில் போனேன்’ என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பட்டாணியை உரிக்க ஆரம்பித்தாள்.

"எதுக்கு? இங்க தினமும் போடுறேனே, போதலையா?" என்று கேட்டேன். அழித்துவிட்டு ‘போதல’ என்று எழுதினாள். அப்புறம் என்ன கேட்டாலும் சுண்ணாம்புக்கட்டியைத் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்து என் மகள் வந்தாள். "அப்பா, ஒரே ஊருக்குள்ள இருந்துக்கிட்டு லெட்டர் போட்டுக்கிறீங்க. ஆபீஸ்ல சொன்னா ரெண்டு பேருக்கும் காதல்னு நினைப்பாங்க" என்றாள். அவள் அம்மாவுக்குச் சத்தம் வராத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை.

அக்கா அக்கா என்று கூப்பிட்டு அவளை நீங்கள் வளைத்துப் போட்டுவிட்டீர்கள். சரி. என் கேள்வி வேறு. தட்டோடு உங்கள் வீட்டுக்குப் போய்வந்தபிறகு அவள் ஒரு மாதிரியாக இருக்கிறாள். நான் தட்டைப் போட்டால் சமையலறைக்குப் போய்விடுகிறாள். முன்னால் எல்லாம் பக்கத்தில் உட்காருவாள். அந்தக் குரல் மேலே ஏறும்போது நான் அவளைப் பார்த்து, "இதோ பார், நீ வந்துட்ட" என்பேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தில் கையைக் காட்டி, "இது யார் தெரியுமா? இவதான்" என்பேன். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். கூச்ச சுபாவம். ஆபரேஷனுக்கு முதல்நாள் ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தனியாக அந்தத் தட்டைத்தான் கேட்டேன். கத்தி எதை எடுத்தாலும் இதை எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் அவள் என்ன கேட்டாள்? உங்கள் ஊசி அவள் குரலை என்ன செய்தது? கீச்சிட வைத்ததா? அவளே வெறுக்கும்படி ஆக்கிவிட்டதா? எழுதுங்கள். மைக்ராஸ்கோப் கதை எல்லாம் வேண்டாம்.

சம்பந்தி

*

பிப்ரவரி 24

சம்பந்தி அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமானது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லலாமா என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். மூன்று நாள் பதில் இல்லை. நேற்று, ‘சொல்லிடுங்க. எனக்குச் சொல்லிச் சொல்லிக் கை வலிக்கும்’ என்று வந்தது. அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அக்கா தட்டோடு பஸ்ஸில் வந்த அன்று ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு, அக்காவை நடுநாற்காலியில் உட்கார வைத்தேன். முதல் பாட்டைத் தாண்டி இரண்டாவதில் ஊசியை இறக்கினேன். நீங்கள் எங்கள் எல்லோருக்கும் பலமுறை சொன்ன இடம் வந்தது. அந்தக் குரல் ஏறியது. அழகான குரல், சந்தேகமில்லை. நான் புன்னகையோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் தலையை ஆட்டினார்கள், இல்லை என்று. எனக்குப் புரியவில்லை. தட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் தள்ளி ஓர் இடம் இருக்கிறது. ஒரு வரி முடிகிறது, எல்லோரும் மூச்சு எடுக்கிறார்கள். அந்த மூச்சை எடுப்பதே கேட்கிறது, முப்பது பேரும் சேர்ந்து ஒரு கதவைத் திறக்கிற மாதிரி. அந்த இடைவெளியில் பாட்டு கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அடியில் ஒரு குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தாழ்ந்த குரல். தரைக்கு அருகில், இடதுபக்கம் கடைசி வரிசையில். மேலே ஏறவில்லை, மினுக்கவில்லை. மற்றவர்கள் மூச்சு எடுத்துத் திரும்பி வரும்வரை பாட்டை அப்படியே கையில் ஏந்திக்கொண்டு நின்றது.

வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் பிள்ளைகள் கை தூக்குவார்களே, அப்படி அக்கா கை தூக்கினார்கள்.

நான் எழுந்து ஊசியைத் தூக்கி, மறுபடி அந்த இடத்தில் இறக்கினேன். மறுபடி கை தூக்கினார்கள். சிலேட்டில் எழுதினார்கள்: ‘இங்கே நான் மூச்சு விடக்கூடாது. அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.’ பிறகு அதற்குக் கீழே: ‘மேலே போறது விசிலம்மா.’

விசிலம்மா யார் என்று நான் கேட்டேன். சூப்பர்வைசராம். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கல்கூட்டிலும் அதே இடத்தைப் போட்டுக் காட்டினேன். அதிலும் அதே குரல், கொஞ்சம் பின்னால் தள்ளி, நிழலில் நிற்கிற மாதிரி. மரக்கூட்டில் எழுந்து பக்கத்தில் வந்து நிற்கிறது. என் மிஷினில் எத்தனையோ பெரிய பாடகர்களைக் கேட்டிருக்கிறேன். ஓர் ஆள் தன்னையே கண்டுபிடித்துக் கை தூக்கியதை இதுவரை பார்த்ததில்லை.

இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று அக்காதான் வாக்கு வாங்கினார்கள். நானாக முன்வந்து கொடுத்த வாக்கு இல்லை.

சம்பந்தி

*

பிப்ரவரி 25

பொய்.

என் வீட்டுக்காரியின் குரல் எனக்குத் தெரியாது, உங்கள் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியுமா? உங்கள் ஊசி இல்லாததை எல்லாம் உண்டாக்குகிறது. இனி எழுத வேண்டாம். மாப்பிள்ளை வரலாம், போகலாம். கடிதம் வரக்கூடாது.

*

மார்ச் 8

சம்பந்தி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் தட்டே போடுவதில்லை என்று மருமகள் சொன்னாள். மாலையில் மிஷினை மூடிவைத்துவிட்டுச் சும்மா அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்களாம். அதற்காக நான் ஊசியை இறக்கவில்லை. உங்கள் வீட்டில் அந்தத் தட்டை ஓயவைக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

நான் சொன்னதை நம்ப வேண்டாம். டாக்டர்கள் சொல்வதை நீங்கள் நம்புவதில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் கேளுங்கள். அவ்வளவுதான்.

சம்பந்தி

*

மார்ச் 20

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதால் கேட்கவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "மேலே ஏறுறது நீயா, விசிலம்மாவா?" என்றேன். விசிலம்மா என்று எழுதினாள். "இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்றேன். அதற்கு அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘நீங்க எப்ப கேட்டீங்க? நீங்கதான் சொன்னீங்க.’

சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டு மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விசிலம்மா எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த எக்ஸ்சேஞ்சில் லிஃப்ட் வேலைக்குப் போனபோது, என் செருப்பில் கிரீஸ் இருக்கிறது, தரையெல்லாம் கறை என்று மேலிடத்துக்குப் புகார் எழுதிய மகராசி அவள். கழுத்தில் விசில் தொங்கும். யாராவது சீட்டை விட்டு எழுந்தால் ஊதுவாள். அவள் குரலுக்குத்தான் நான் இத்தனை காலம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முதல்நாள் அவளைக் கேட்டுத்தான் தைரியம் வாங்கியிருக்கிறேன். இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் என் மகளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும்.

ஆனாலும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு லிஃப்டில் சத்தம் வந்தால் மோட்டாரா, கயிறா, கதவா என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பேன். எதை நிறுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் காரணம். அதே மாதிரி இங்கேயும் செய்தேன். தாழ்ந்த குரல் என்று நீங்கள் எழுதியது என் கறுப்பில் தனியாகக் கேட்கவில்லை. காதை ஸ்பீக்கர் பெட்டியோடு ஒட்டிக் கேட்டும் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று இல்லை என்று எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். எடுத்தவன் வைத்துவிட்டேன். ஒரு சோதனை பாக்கி இருந்தது.

என் கறுப்பில் கதகதப்பு இருக்கிறது என்று நான் சொல்வேன் இல்லையா? அதைச் சோதித்தேன். என்னிடம் உள்ள வேறு தட்டுகளை ஒவ்வொன்றாக அதே கறுப்பில் போட்டேன். கதகதப்பு இல்லை. ஒன்றிலும் இல்லை. சாதாரணமாக, தகரம் மாதிரிதான் இருந்தது. இத்தனை நாள் அவற்றை நான் சரியாகக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. பிறகு அந்தத் தட்டையே எடுத்தேன். அதில் முதல் பாட்டு ஆண்கள் மட்டும் பாடுவது. நான் எப்போதும் தாண்டிவிடுவேன். இப்போது போட்டேன். அதிலும் கதகதப்பு இல்லை. அதே தட்டு, அதே ஊசி, அதே பெட்டி.

இரண்டாவது பாட்டு தொடங்கியது. முதல் வரி, இல்லை. இரண்டாவது வரியில் பின்வரிசைப் பெண்கள் சேர்கிறார்கள். வந்தது. அறை முழுக்க வந்தது. பனிக்காலத்தில் யாரோ நம் முதுகில் போர்வையைப் போட்ட மாதிரி, எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும். விசிலம்மா ஏறினாள். நான் அவளைக் கவனிக்கவில்லை. எல்லோரும் மூச்சு எடுக்கிற இடம் வந்தது. பாட்டு நின்றது. கதகதப்பு நிற்கவில்லை.

சம்பந்தியம்மா, அது ஊசி இல்லை. அது அவள்.

நான் அந்தக் கார்ட்ரிட்ஜை மாற்றச் சொன்னவர்களோடு எல்லாம் சண்டை போட்டேன். அன்று விருந்துக்கு வந்திருந்த உங்கள் தம்பியோடு, கடைக்காரனோடு, உங்களோடு. இதில் இருப்பது எதிலும் இல்லை என்றேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். எது என்று தெரியாமல் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊசியில் அவள் ஓர் ஓரமாக, ஓர் ஆளாக நிற்கிறாள். என் ஊசியில் முகம் இல்லாமல் வீடு முழுக்க இருக்கிறாள். ஒரு மூலையில் கிடந்த பிளாஸ்டிக் துண்டு, ஒரு தூசியளவு கல், அதற்குள் இத்தனை பேர், அதற்குள் அவள். நான் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் புரிந்த சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கயிற்றில் தொங்குகிற லிஃப்ட் பெட்டியை ஒரே மாடியில் நிறுத்திவைத்து, கட்டடத்தையே பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் வாசலில் வந்து நின்றாள். ஊசி தட்டின் நடுவில் போய் முட்டிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து ஊசியைத் தூக்கி, மறுபடி ஓரத்தில் இறக்கினாள்.

இதனால் உங்கள் மரக்கூடு உயர்ந்தது என்று ஆகிவிடாது. அவளை முகத்தோடு நான் கேட்க வேண்டும், அதற்கு உங்கள் மிஷின் வேண்டும். அவ்வளவுதான். வருகிற ஞாயிறு வருகிறோம். செய்ய வேண்டியது இவை:

மிஷினின் கையைப் பின்பக்கம் இறக்கி வைக்க வேண்டியது நீங்கள். நாங்கள் வருவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். யார் ஏற்றியது என்ற பேச்சு அன்றைக்கு எடுக்கக் கூடாது. ஊசி தட்டை அழுத்தும் எடையையும் நீங்களே வையுங்கள். நான் என் தராசில் ஒருமுறை பார்த்துக்கொள்வேன், அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மாப்பிள்ளை காரை ஓட்ட வேண்டும், மெதுவாக. தட்டை நானே நிமிர்த்திப் பிடித்துக்கொள்வேன். போனில் பதிவுசெய்கிறேன் என்று அவர் கிளம்பக் கூடாது. பதிவு எடுப்பது பிறகு, முறையாக, உங்கள் பொறுப்பில்.

விசிலம்மா ஏறும்போது சிரிக்காமல் இருக்க வேண்டியது என் மகள். முடியாவிட்டால் அவள் மொட்டை மாடிக்குப் போய்விடலாம்.

உங்கள் தம்பியையும் வேறு விருந்தாளிகளையும் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டுவிட்டால் நீங்களே சொல்லித் தடுக்க வேண்டும்.

மரக்கூட்டில் கேட்ட பிறகு, என் கறுப்பையும் அதே மிஷினில் போட வேண்டும். அதில் இருப்பதை நீங்கள் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும், உபசாரத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

ஊசியை இறக்குவது என் வீட்டுக்காரி. எத்தனை முறை போடுவது என்பதும் அவள் முடிவு. தேய்கிறது என்று யாரும் கணக்குப் பார்க்கக் கூடாது, முக்கியமாக நான்.

கடைசியாக, நான். அவளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். இதோ வருகிறாள் என்று யாரிடமும் கை காட்டக் கூடாது. அவள் கை தூக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. தூக்கிய பிறகும் கூடாது.

சம்பந்தி